செருப்பு வைக்கும் இடத்தருகே ஒரு நாற்காலி

டாக்டர் புனிதவதி இறந்த செய்தி நம் கோயில் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அனுப்பியவர் செயலாளர். 'சேவைச் செம்மலை இழந்தோம்' என்று எழுதி, கும்பிடும் கைகள் ஆறு வைத்திருந்தார். நான் ஒன்றுகூட வைக்கவில்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பல் மருத்துவராக இருந்தவர் நம் கிள்ளான் கோயில் திருவிழாவுக்கு வந்து இலவசமாக வாய்ப்புற்று பரிசோதனை செய்தது உங்களுக்குத் தெரியும். ஏன் செருப்பு வைக்கும் இடத்தருகே உட்கார்ந்தார் என்பது தெரியாது.

"திருவிழாவும் அதுவுமா புற்றுநோய்னு போர்டு வைக்காதீங்க லா, டாக்டர். சனங்க பயந்துருவாங்க" என்றார் செயலாளர்.

"பயந்தாத்தான் அங்கிள் வாயைத் திறப்பாங்க."

போர்டு போனது. நாற்காலி வாசலுக்குப் போனது.

அங்கேதான் என் அக்காவை அழைத்துப் போனேன். வாயில் ஏதோ உறுத்துகிறது என்று ஒரு கிளினிக்குக்கு மூன்று முறை போயிருந்தார். மூன்று முறையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தடவ மருந்து கொடுத்தார்கள்.

"பல் செட்டைக் கழட்டிப் பார்த்தாங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்லையே."

"கழட்டுங்கக்கா."

"தம்பி நிக்கிறான். வெக்கமா இருக்கு."

"சார், போய் மோர் குடிங்க. ரெண்டு டம்ளர்."

திரும்பி வந்தபோது நாற்காலி சுவரைப் பார்த்திருந்தது. டாக்டர் அக்காவின் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, அடியிலும் ஓரத்திலும் விரலால் தடவிக்கொண்டிருந்தார். பல் செட் மறைத்திருந்த ஈறில் ஒரு சிவப்புத் திட்டு.

"வலிக்கவே இல்லையே டாக்டர்."

"அதுதான் எனக்குப் பிடிக்கலை. ரெண்டு வாரத்துல ஆறாத எதையும் நான் நம்ப மாட்டேன்."

பெரிய ஆஸ்பத்திரிக்கு அங்கேயே கடிதம் எழுதினார். சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். புற்றுதான், தொடக்க நிலை. வெட்டி எடுத்தார்கள். அக்கா இருக்கிறார்.

அடுத்த ஆண்டு அந்த இடத்தைக் கைப்பேசி உறை விற்பவருக்குக் கொடுத்தார்கள். டாக்டர் இரண்டு வருடம் கேட்டார். "பார்க்கலாம் டாக்டர்" என்றார் செயலாளர். பிறகு டாக்டர் கேட்கவில்லை. அந்த வருடங்களில் யார் வாயில் எது வளர்ந்ததோ, யார் பார்த்தார்கள்?

இரங்கல் கூட்டத்தில் செயலாளர் மைக் பிடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா எழுந்தார். என் முன்னால் கூசியவர், அத்தனை பேர் முன்னாலும் பல் செட்டைக் கழற்றிக் கையில் பிடித்தார். பேச்சு குழறியது. ஆனாலும் எல்லோருக்கும் புரிந்தது.

"இதுக்கு அடியில அவங்க பார்த்தாங்க. அவங்களுக்கு ஒரு நாற்காலி போட உங்ககிட்ட இடம் இல்லை."

"உட்காருங்க லா, அக்கா" என்றார் செயலாளர்.

டாக்டரின் மடக்கு நாற்காலி இன்னும் என் காரில் இருக்கிறது. அக்காவைப் பார்த்த அந்தத் திருவிழா முடிந்ததும், "அடுத்த வருஷம் வேணும், பத்திரம் சார்" என்று அவரே ஏற்றிவிட்டது. வரும் திருவிழாவுக்கு அவருடன் வேலை பார்த்த மருத்துவர் வருகிறார். இம்முறை நாற்காலியை வாசலில் போட மாட்டேன், மேடைக்கு நேர் எதிரே போடுவேன். முதலில் செயலாளர் உட்காரட்டும். வாயைத் திறக்கட்டும்.