மேஸ்திரி கட்டிய வாத்து மாளிகை

பெலார்மினோ கார்கமோ தன் வாழ்நாளில் நான்கு படகுகள் கட்டினார். அவற்றில் மூன்று மிதந்தன. இதை ஊரார் சொல்லித் திரிவதற்கு முன்பே அவரே சொல்லிவிடுவார். நாலாவது படகு கடலில் இறங்கியதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தண்ணீர் குடிக்கும் மாடு மாதிரி மூக்கை உள்ளே விட்டதையும், ஆசீர்வாதம் செய்ய வந்த பாதிரியார் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று ஜெபத்தை முடித்ததையும் நடித்தே காட்டுவார். சிலோயே தீவின் கிழக்குக் கரையில், கில்கேன் என்ற அந்தச் சின்ன ஊரில் பாதி வீடுகளுக்குக் கூரையிலும் சுவரிலும் மர ஓடு அடித்தவர் அவர்தான். எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. அவர் வீட்டுக் கூரை மட்டும் சமையலறைப் பக்கம் ஒழுகும். கேட்டால், "ஊர் வேலை முடியட்டும்" என்பார். ஊர் வேலை முப்பத்தைந்து வருஷமாக முடியவில்லை.

அவருக்கு அறுபத்தொன்று ஆன வருஷம், அந்தப் பக்கத்துக் குளிர்காலமான ஜூன் மாதத்தில், மனைவி நோல்ஃபாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றும் அறுவைசிகிச்சைக்குத் தேதி கிடைத்தது. கடலைத் தாண்டி பெரிய ஊருக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரி, அப்புறம் அங்கேயே தங்கை வீட்டில் ஓய்வு, எல்லாம் சேர்த்து இரண்டு மாதம். பஸ் ஏறுவதற்கு முன்னால் கொல்லைக்கு அவரைக் கூட்டிப்போய்த் தன் பதினொரு வாத்துகளைக் காட்டினாள்.

"இந்தா பாரு கிழவா. காலைல கதவைத் திற, சாயங்காலம் கதவைச் சாத்து. இருட்டறதுக்குள்ள ஒரு கை சோளம் போடு. கீழ ஈரமாச்சுன்னா வைக்கோலை மாத்து. தலை முங்கற அளவுக்கு ஒரு வாளித் தண்ணி. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வேற எதுவும் பண்ணாத. உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன், வேற எதுவுமே பண்ணாத."

முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியவள் தெரிந்துதான் சொன்னாள். சும்மா இருப்பது ஒன்றுதான் பெலார்மினோவுக்கு வராத தொழில்.

முதல் வாரம் சொன்னபடி நடந்துகொண்டார். இரண்டாவது வாரம் மழை பிடித்தது. அந்தத் தீவில் மழை புதிதில்லை. ஆனால் அந்த வருஷம் பதினொரு நாள் விடாமல், மேற்கிலிருந்து காற்றோடு சேர்ந்து, சுவரைத் துவைப்பது மாதிரி பெய்தது. மூன்று கம்பளிக்குள் படுத்துக்கொண்டு பெலார்மினோ வாத்துகளை நினைத்தார். நோல்ஃபாவின் வாத்துக் கூண்டு அவர் கட்டியதில்லை. அவரிடம் பத்து வருஷம் கேட்டுப் பார்த்துவிட்டு, பழைய பலகைகளை வைத்து அவளே அடித்தது. கூரை சுவரைத் தொடும் இறவாணத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் மூன்று விரல் அகலத்துக்குச் சந்து. அதன்மேல் கிழிந்த மீன்வலை. ஒரு மேஸ்திரியின் கொல்லையில் இப்படி ஒரு கூண்டா! பார்க்கிறவன் என்ன நினைப்பான்? பார்க்கிறவன் இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அதே வாரம் பக்கத்து வீட்டு சுனில்தாவின் கோழிக் கொட்டகையில் விசோன் புகுந்து ஏழு கோழிகளைக் கழுத்தில் கடித்துப் போட்டுவிட்டது. கீரி மாதிரி நீள உடம்பு, கட்டைவிரல் நுழைகிற ஓட்டை போதும் அதற்கு. தின்றது ஒன்று, கொன்றது ஏழு. காரணம் கிடைத்துவிட்டது. பெலார்மினோ ரம்பத்தை எடுத்தார்.

பழைய கூண்டின்மேலேயே ஒன்பது நாள் வேலை. சுவருக்குள் காகிதம் வைத்து அதன்மேல் இரட்டைப் பலகை. வெளியே மூன்று அடுக்கு மர ஓடு. கூரைக்குக் கீழே பாலிதீன் விரிப்பு. இறவாணத்துச் சந்துகளில் கம்பளியைத் திணித்து மேலே சட்டம் அடித்தார். கோயில் கதவு மாதிரி ஒரு கதவு, பித்தளைத் தாழ்ப்பாளோடு. தரையில் ஒரு சாண் உயரத்துக்குத் தன் பட்டறையின் சைப்ரஸ் மரத்தூள், மெத்துமெத்தென்று. அந்த ஒன்பது நாளும் வாத்துகள் கொட்டும் மழையில் வரிசையாக நின்று, இறகைக் கோதிக்கொண்டு, அவரை வேடிக்கை பார்த்தன. ஒன்றுகூட நடுங்கவில்லை. நடுங்கியது அவர்தான்.

சுனில்தா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள், நாக்கை மட்டும் பத்திரமாக வைத்திருந்தவள்.

"மேஸ்திரி, வாத்துக்கா இது? நீங்களே குடி வந்துடலாம் போலிருக்கே!"

"உங்க கோழிக்கும் இப்படி ஒண்ணு இருந்தா ஏழும் உசிரோட இருந்திருக்கும்."

"அதுசரி. உங்க சமையலறைக் கூரைக்கு அடியில இன்னும் அதே சட்டிதானா, இல்ல பெருசா மாத்திட்டீங்களா?"

அவர் காதில் விழாத மாதிரி ஆணி அடித்தார்.

வாத்துகள் உள்ளே போக மறுத்தன. மேயர்தான் முதலில் மறுத்தது. மேயர் என்பது அந்தக் கூட்டத்தின் ஒரே ஆண். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேலை எதுவும் செய்யாமல் கொல்லையைச் சுற்றிவருவதால் நோல்ஃபா வைத்த பெயர். மேயரைக் கையில் தூக்கி உள்ளே வைத்தார். மற்றவை பின்னால் போயின. அன்றைக்கு அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் காலை கதவைத் திறந்ததும் முகத்தில் வெதுவெதுப்பாக ஒரு ஆவி அடித்தது, துணி வேகவைக்கிற அண்டாவைத் திறந்த மாதிரி. 'என்ன கதகதப்பு!' என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். மூன்றாம் நாள் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் வீட்டுக் கூரை ஒழுகலாம், அது சோம்பேறித்தனம். புதிதாகக் கட்டியது ஒழுகினால் அது மானக்கேடு. மழையிலேயே ஏணி வைத்து ஏறி, இன்னொரு அடுக்கு ஓடு அடித்து, இடுக்கெல்லாம் தார் பூசினார். மறுநாள் இரண்டு மடங்கு சொட்டியது. மறுபடி ஏறினார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மரத்தூள் ஈரம் குடித்துக் கூழாகி வாத்துகளின் வயிற்றில் அப்பிக்கொண்டது. இறகுகள் பளபளப்பு போய், அழுக்கு வேட்டி மாதிரி தொங்கின. சைப்ரஸ் வாசனை அவருக்குப் பிடித்தது. அவற்றுக்குத் தும்மல் வந்தது. பதினொரு வாத்தும் மாறி மாறித் தும்முவதைக் கேட்டு, குளிர்தான் காரணம் என்று முடிவு செய்தார். தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த ஊசி இடுக்கையும் தாரால் அடைத்தார்.

ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கதவைத் திறந்தபோது வயதான தவிட்டு நிறப் பெட்டை மூலையில் கிடந்தது. கழுத்து நீண்டு, அலகு மரத்தூளில் புதைந்திருந்தது. கடித்த அடையாளம் எதுவும் இல்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு மழையில் வெகுநேரம் நின்றார். எட்டு வருஷமாக நோல்ஃபாவின் காலுக்குப் பின்னால் நடந்த வாத்து அது. ஆப்பிள் மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார். பிறகு, புத்தி சரியாக வேலை செய்யாதபோது மனிதன் செய்கிறதைச் செய்தார். மீதிப் பத்தையும் தூக்கிக்கொண்டு வந்து சமையலறையில், விறகு அடுப்புக்கு முன்னால் விட்டார்.

ஒரே நாளில் சமையலறை அவருடையது இல்லை என்று ஆகிவிட்டது. நாற்காலியில் மேயர். பெஞ்சுக்கு அடியில் மூன்று. ஒழுகும் கூரைக்கு அடியில் வைத்திருந்த சட்டியில் இரண்டு மாறி மாறிக் குளித்தன. உருளைக்கிழங்கு ரொட்டியை நின்றுகொண்டே தின்றார், அதுவும் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு. தரையைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே மரியாதை. மறுநாள் மத்தியானம் வழுக்கி விழுந்து எழுந்து, முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நோல்ஃபா.

"எப்படியிருக்க கிழவா?"

"நல்லாருக்கேன். உனக்கு இடுப்பு?"

"தைச்சுட்டாங்க. வாக்கரைப் பிடிச்சு நடக்கறேன். வாத்தெல்லாம் எப்படியிருக்கு?"

"ராஜா மாதிரி."

அந்த நேரம் பார்த்து நாற்காலியிலிருந்து கரகரவென்று ஒரு குரல் எழுந்தது.

"யாரு அது பக்கத்துல?"

"ரேடியோ."

"ரேடியோல யாரு?"

"மேயர்" என்றார் பெலார்மினோ. பொய் சொல்ல வேண்டிய இடத்தில் வாய் உண்மையைச் சொல்லிவிட்டது.

நோல்ஃபா நிதானமாகக் கேட்டாள்.

"எந்த மேயர்?"

அதற்குமேல் அவரால் முடியவில்லை. மாளிகை, மூன்றடுக்கு ஓடு, பாலிதீன், பித்தளைத் தாழ்ப்பாள், ஏணி, தார், சமையலறை எல்லாவற்றையும் கொட்டினார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

"மேல சந்து இருந்துச்சே?"

"அடைச்சுட்டேன். கம்பளி வச்சு."

"எந்தக் கம்பளி?"

"கூடையில இருந்துச்சே, வெள்ளைக் கம்பளி."

"நான் நூத்து வச்சதா?"

"அதான்."

நோல்ஃபா சிரிக்க ஆரம்பித்தாள். வலிக்கிறது என்று கத்தினாள், மறுபடி சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரி என்னவென்று கேட்க, அவளுக்கும் சொல்லி, அவளும் சிரிப்பது போனில் கேட்டது. யாரோ நர்ஸ் வந்து அதட்டினாள்.

"அட மடையா," என்றாள் மூச்சு திரும்பியதும். "பதினொரு வாத்து ராவெல்லாம் மூச்சு விட்டா அந்த ஈரமெல்லாம் எங்க போகும்? உன் கூரை ஒழுகல. அதுங்க மூச்சுதான் மேல முட்டிக் கீழ சொட்டுது. குளிர் அதுங்களை என்ன பண்ணும்? கோட்டு போட்டுக்கிட்டுப் பொறந்ததுங்க. கீழ காய்ஞ்சிருக்கணும், மேல காத்து போகணும், அதுங்க உடம்புல நேரா அடிக்கக் கூடாது. அதுக்குத்தான் சந்தைத் தலைக்கு மேல வச்சேன். ஒண்ணும் தெரியாமயா வச்சேன்?"

"விசோன் வருமே?"

"வலையை மாத்தச் சொன்னேனே, மூணு வருஷமா!"

அதுவும் உண்மைதான்.

போனை வைத்ததும் உளியையும் ரம்பத்தையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். தன் வேலையைத் தானே அறுப்பது எந்த மேஸ்திரிக்கும் சுகமான காரியமில்லை. அதுவும் சுனில்தா வேலியில் தாடையை வைத்துக்கொண்டு பார்க்கும்போது.

"என்ன மேஸ்திரி, ஜன்னல் வைக்கறீங்களா?"

"மூச்சு விட வழி வைக்கறேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். உங்க வீட்டுல கோதுமை வைக்கோல் இருக்குமா?"

"இருக்கு. ஆனா முதல்ல என் கோழிக் கொட்டகைக்கு வந்து அந்த ஓட்டையைப் பாருங்க. பாருங்கன்னுதான் சொன்னேன். மாளிகை எல்லாம் வேண்டாம்."

இறவாணத்தின் இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்குத் திறந்தார். சுண்டுவிரல்கூட நுழையாத கெட்டிக் கம்பி வலையை உள்ளேயும் வெளியேயும் அடித்தார். பாலிதீனைக் கிழித்தெறிந்தார். கூழான மரத்தூளை ஏழு தள்ளுவண்டி வாரி வெளியே கொட்டி, சுனில்தாவின் வைக்கோலை முழங்கால் உயரத்துக்குப் பரப்பினார். நான்கு நாளில் தும்மல் நின்றது. பத்து நாளில் இறகில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டது. அவர் தினமும் காலையில் வைக்கோலுக்குள் கையை விட்டுப் பார்ப்பார். மேலாக ஈரம் என்றால் கிளறிவிட்டுப் புதிதாகப் போடுவார். வேறு எதுவும் செய்யாமல் இருக்க, சமையலறைக் கூரையைச் சரிசெய்தார். ஒருநாள் காலை சேற்றில் கூண்டைச் சுற்றிச் சின்னச் சின்ன விசோன் தடம் பதிந்திருந்தது. இரண்டு சுற்று வந்து, ஓடைப் பக்கமாகத் திரும்பிப் போயிருந்தது. உள்ளே பத்தும் பத்திரமாக இருந்தன. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சுனில்தாவிடம் சொன்னால் அந்த ஏழு கோழிகளைக் குத்திக்காட்டியது மாதிரி ஆகும் என்று வாயை மூடிக்கொண்டார்.

ஆகஸ்ட் கடைசியில் நோல்ஃபா இரண்டு ஊன்றுகோலோடு வந்து இறங்கினாள். பையை உள்ளே வைக்கக்கூட விடாமல் நேராகக் கொல்லைக்கு நடந்தாள். தூறிக்கொண்டிருந்தது. விரல் விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"தவிட்டுக்காரி எங்கே?"

பெலார்மினோ தொப்பியைக் கழற்றினார். "ஆப்பிள் மரத்தடியில."

"எப்ப?"

"நீ போன் பண்ணினதுக்கு முந்தின நாள்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் நினைச்சேன். நீ சிரிச்சுக்கிட்டிருந்த. ஆறேழு மாசமா வலியில நீ சிரிச்சே நான் பாக்கல. என்னோட மடத்தனத்துக்காவது சிரிக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

நோல்ஃபா ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு மாளிகையைச் சுற்றிவந்தாள். மேலே வலையை விரலால் இழுத்துப் பார்த்தாள். குனிய முடியாததால் அவரை வைக்கோல் அள்ளித் தரச் சொல்லி, கையில் வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"கதவு நல்லாருக்கு" என்றாள்.

பிறகு கவிழ்த்து வைத்த வாளிமேல் மெதுவாக உட்கார்ந்து, பழைய மாதிரி நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டாள். பத்து வாத்தும் தலையைத் தூக்கின. மேயர் முன்னால் வர, மொத்தமும் இறக்கையை அடித்துக்கொண்டு ஓடிவந்து, அவளைத் தாண்டிப் போய், பெலார்மினோவின் ரப்பர் பூட்ஸைச் சுற்றி நின்றுகொண்டு சோளத்துக்குக் கத்தின.

"நன்றிகெட்ட கழுதைங்க!" என்றாள் நோல்ஃபா. "அடைச்சுவச்சுக் கொல்லப் பாத்தவன் பின்னாடியே போகுதுங்க பாரு."

"பசி நோல்ஃபா, வேற ஒண்ணுமில்ல" என்றார் அவர். முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டு, சட்டைப் பையில் சோளத்தைத் துழாவினார்.