மகள் படித்ததைப் பார்க்க வந்தவர்

பெற்றோல் வரிசைகள் குறைந்து, பஸ்கள் மறுபடி ஒழுங்காக ஓடத் தொடங்கியிருந்த வருடம் அது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. அதன் முன்னறையில் சனிக்கிழமை தோறும் ஒரு வகுப்பு நடத்திவந்தோம். நான் பாடசாலையில் உயிரியல் கற்பிப்பவள். கூடவே என் சிநேகிதி ஒருத்தி, இரசாயனவியல் ஆசிரியை.

தொழில்நுட்பக் கல்லூரியில் டிப்ளோமா படிக்கிற பிள்ளைகள், நல்ல பெறுபேறு இருந்தால், பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டப்படிப்புக்கு மாறலாம். வழி இருக்கிறது, ஆனால் தமிழில் படித்த பிள்ளைகள் அந்தப் பக்கம் போவது அபூர்வம். பரீட்சையும் நேர்முகமும் ஆங்கிலத்தில். வீட்டில் யாரும் பல்கலைக்கழக வாசலை மிதித்திருக்க மாட்டார்கள். யாரிடம் போய்க் கேட்பதென்றுகூடத் தெரியாது. அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடிப்பிடித்துத் தயார்படுத்துவதுதான் எங்கள் வேலை.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பிள்ளை வருவாள். தகப்பன் துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்குபவர். தாய் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. சமைத்துவைத்து, தம்பியை மாதா கோயில் வகுப்பில் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வருவாள். ஆங்கிலத்தில் வாய் திறக்கச் சொன்னால் முகம் சிவந்துவிடும். ஆனால் ஒரு தாவரத்தைக் கையில் கொடுத்துவிட்டால் அவளை எழுப்ப முடியாது. எல்லோரும் போன பிறகும் மேசையில் நுணுக்குக்காட்டிக்குள் கண்ணை வைத்துக் குனிந்தபடி இருப்பாள்.

"வீட்டில இதெல்லாம் சொல்லுறனீயோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அப்பாவுக்குச் சொன்னாலும் வெளங்காது மிஸ்" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

பரீட்சை எழுதினாள். நேர்முகத்தில் தட்டுத்தடுமாறியாவது கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாளாம். இடம் கிடைத்த செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது அவள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள். எங்கள் வகுப்பிலிருந்து போகிற முதல் பிள்ளை அவள்தான். நானும் சிநேகிதியும் அன்று பின்னேரம் கடற்கரைக்குப் போய், சின்னப் பிள்ளைகள் மாதிரி வடை வாங்கிச் சாப்பிட்டோம்.

விரிவுரைகள் தொடங்க இரண்டு கிழமை இருக்கும்போது அவளுக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் பனடோல் கொடுத்திருக்கிறார்கள். அந்த மழைக்காலத்தில் கொழும்பு முழுக்க டெங்கு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பிந்திவிட்டது. செய்தி கேட்டு நான் ஓடியபோது அவள் கண் திறக்கவில்லை. காலில் செருப்புக்கூட இல்லாமல் கட்டிலருகே ஒருவர் நின்றார். வந்துபோன ஒவ்வொரு டாக்டரிடமும் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், என் மகளும் உங்களைப்போல டாக்டராகப் போகிறவள், காப்பாற்றித் தாருங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மகள் என்ன படிக்கப் போகிறாள் என்பது அவருக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் நான் என்னத்தைச் சொல்லித் திருத்துவது?

மறுநாள் விடியுமுன் அவள் போய்விட்டாள். தாயால் வரமுடியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அயல்வீட்டுப் பெண் ஒருத்தி தொலைபேசியைப் பெட்டிக்கு மேலாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குள்ளிருந்து வந்த அழுகை இப்போதும் என் காதில் இருக்கிறது.

அதன் பிறகு வகுப்பு நடத்த எனக்கு மனமில்லை. மற்றப் பிள்ளைகள் வந்தார்கள், அதனால் நடத்தினேன். ஒரு சனிக்கிழமை, பாடம் பாதியில் இருக்கும்போது வாசலில் அவளுடைய தகப்பன் நின்றார். வெள்ளைச் சட்டை, வாரிய தலை. பிள்ளைகள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

"மிஸ், எம் மக இங்க என்ன படிச்சான்னு எனக்குத் தெரியாது. ஒருக்கா காட்டுவீங்களா?"

வாசல் பூச்சட்டியில் நின்ற ஊதா இலைச் செடியில் ஓர் இலையைப் பறித்து, அடிப்பக்கத்துத் தோலை உரித்து, நுணுக்குக்காட்டியில் வைத்தேன். அவரைக் கதிரையில் இருத்தினேன். முதலில் அவருக்குத் தன் இமைமயிர்தான் தெரிந்தது. ஒன்றும் தெரியவில்லை என்றார். ஒரு பிள்ளை வந்து அவர் தலையை மெல்லச் சரித்து, குமிழைத் திருகிவிட்டாள். ஊதாக் கட்டங்களுக்கு நடுவே அங்கங்கே பச்சை உதடுகள் தெரியும். முதல்முறை பார்க்கிற எவருக்கும் அது அதிசயம்தான்.

"வாய் மாதிரி இருக்கே, மிஸ்."

"ஓம் அண்ணா, இலைவாய் எண்டுதான் அதுக்குப் பேர். இலை அதாலதான் காத்தை எடுத்து விடுறது."

"இதத்தான் பார்த்தாளா?"

"ஓம். எழும்பவே மாட்டா."

அவர் தலையை எடுக்கவில்லை. தோள் குலுங்கத் தொடங்கியது. தெருவில் ரொட்டி விற்கிற ஓட்டோவின் பாட்டு வந்து, கடந்து, போயே விட்டது. கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இத அவ இருக்கையிலயே கேட்டிருக்கலாம் மிஸ். கேட்டிருந்தா சொல்லியிருப்பா."

தேநீர் குடிக்கச் சொன்னேன். வேலைக்குப் போகவேண்டும் என்று இறங்கிப் போய்விட்டார். அதன் பிறகு அவர் வரவில்லை. நான் கொட்டாஞ்சேனைக்குத் தேடிப் போனபோது வீடு மாறியிருந்தார்கள்.

அடுத்த வருடம் இரண்டு பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. அதன் பிறகும் சிலர் போயிருக்கிறார்கள். இப்போதெல்லாம் பரீட்சைக்கு முன் ஒரு சனிக்கிழமை, அம்மா அப்பாக்களையும் வரச்சொல்கிறோம். மீன் கடையை விட்டு, தையல் மெசினை விட்டு, ஓட்டோவை ஓரம் கட்டிவிட்டு வருகிறார்கள். பிள்ளைகள்தான் அவர்களுக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்துவது. நாங்கள் பேசுவதில்லை.

பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்குள் சேர்த்துவிட்டால் எங்கள் கடமை முடிந்தது என்றிருந்தவள் நான். அவள் எதைப் பார்த்து வியந்தாள் என்று தெரியாமலே ஒரு தகப்பன் அவளைப் புதைக்கவேண்டி வந்ததை நினைத்தால், எத்தனை பிள்ளைகள் பட்டம் வாங்கினாலும் என் மனம் ஆறுவதில்லை.