நல்ல வாழ்க்கைன்னா இன்னா மிஸ்?

ஜவ்வாது மலை அடிவாரத்துப் பள்ளி ஒன்றில் விவாதப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதும் என் வேலை. "எதிராளி எந்தச் சொல்லைச் சொன்னாலும் அதுக்கு அர்த்தம் கேளு, சொல்ற அர்த்தத்தை உடைச்சிடு." நான் சொல்லிக்கொடுத்த இந்த உத்தியில்தான் தேவகி மாவட்டப் போட்டியில் ஜெயித்தாள்.

பிளஸ் டூ முடித்தவள், கல்லூரியில் இடம் கிடைத்தும் சேரமாட்டேன் என்றாள். நெரிசலான ஜீப்பில் மலைமேல் அவள் ஊரான புதூர்நாட்டுக்குப் போய் இறங்கினேன். வீட்டு வாசலில் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"படிச்சா நல்ல வாழ்க்கை கிடைக்கும்மா."

"நல்ல வாழ்க்கைன்னா இன்னா மிஸ்?"

"சொந்தக் கால்ல நிக்கிறது."

"எங்கம்மா அப்படித்தான் நிக்கிறாங்க. அவங்க காலேஜ் போவலியே?"

சுதந்திரம் என்றேன், மரியாதை என்றேன். இரண்டையும் உடைத்தாள். கேள்வியை அவள் பக்கமே திருப்பிவிடும் வழி எனக்குத் தெரியும். ஆனால் பேசி ஜெயிப்பதே அன்று அலுத்துப்போயிருந்தது.

"எனக்குப் பதில் தெரியல தேவகி. நீ ஜெயிச்சிட்ட" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் கை நின்றது. மேடையில் ஒருநாளும் திக்காதவள் திக்கித் திக்கிச் சொன்னாள்: "எனக்கு இங்கிலீஷ் வராது மிஸ். அங்க எல்லாரும் சிரிப்பாங்க."

நானும் கல்லூரியில் முதல் வருடம் முழுக்க அந்தப் பயத்தில் வாயே திறக்கவில்லை என்றேன். நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்புறம் இன்னா பண்ணீங்க?"

அன்று அவள் பதில் வேண்டிக் கேட்ட முதல் கேள்வி அது. பொழுது சாயும்வரை பேசினோம். அடுத்த வாரம் கல்லூரியில் சேர்ந்தாள்.

இப்போதும் அந்த உத்தியைச் சொல்லிக்கொடுக்கிறேன்; போட்டிக்கு வேண்டியிருக்கிறது. தோற்றுவிட்டுப் பக்கத்தில் உட்காருவதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.