கூலிக்கு உட்கார்ந்தவர்

மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் போதும், ராசாங்கத்துக்குத் தலைகால் புரியாது. "ஒண்ணு இல்லீங்க, யுனிவர்சிட்டில ரெண்டு படிக்குது. விலங்கியலும் படிக்குது, ஓவியமும் படிக்குது" என்பார். ஆலத்தியூர்ப் பக்கம் லாரியில் சிமெண்ட் மூட்டை ஏற்றும் லோடுமேன் அவர். சுமந்து சுமந்து வலது தோள் இறங்கிப் போயிருந்தது. விலங்கியல் வேலைக்கு, ஓவியம் ஆசைக்கு என்று மஞ்சு சொன்னபோது செங்கமலம் புருஷனை முறைத்தாள். இவர்தான், "ஆசையும் இருந்துட்டுப் போவட்டும், வுடு" என்று சேர்த்துவிட்டார்.

முதல் வருஷம் மனித உடம்பை வரைந்துவரச் சொன்னார்கள். சட்டையில்லாமல் குந்தியிருந்த அப்பனை மஞ்சு வரைந்தாள். அசையக் கூடாது என்று சொன்னதால் மூக்கில் உட்கார்ந்த ஈயைக்கூட மனுஷன் விரட்டவில்லை. அந்தப் படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது.

பரிசு வாங்கிய படத்தைப் பார்க்கப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றார் ராசாங்கம். இரண்டு பாடத்துக்கும் பொதுவான உடற்கூறு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. விலங்கியல் பரிமளா மேடம் அந்தப் படத்தை மாட்டி, குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "பாருங்க, சாப்பாடு பத்தாத உடம்பு. விலா எலும்பு எப்படித் துருத்திட்டு நிக்குது! தோள் ரெண்டும் ஒண்ணா இருக்கா?" பிள்ளைகள் சிரித்தார்கள். "யாருடி மஞ்சு இது, எங்க புடிச்ச?" என்றாள் ஒருத்தி.

"ரோட்டோரமா ஒரு ஆளு. கூலி குடுத்து உக்கார வச்சேன்" என்றாள் மஞ்சு. சொல்லிவிட்டுத் திரும்பினால், வாசலில் அப்பா.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. படத்தில் இருந்த ஆள்! மஞ்சுவின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி மகளுக்கு வாய் வரவில்லை. ராசாங்கம்தான் முந்திக்கொண்டார். "ஆமாங்க, கூலிக்குத்தான் உக்காந்தேன்."

"அப்ப வசதியாப் போச்சு" என்றார் ஓவியம் சொல்லித்தரும் பிரேம்குமார் சார். "சட்டையைக் கழட்டிட்டு இந்த ஸ்டூல்ல உக்காருங்க, பெரியவரே." புதுச்சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். வகுப்பு முழுவதும் அவரை வரைந்தது. மஞ்சுவும் வரைந்தாள், சண்டாளி.

சாயங்காலம் வீட்டில் அழுதாள். "தெரியாம சொல்லிட்டேன்ப்பா. இப்பச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. பட்டம் வாங்குற அன்னிக்கு எல்லார் முன்னாடியும், இவர்தான் எங்கப்பான்னு நானே சொல்றேன்."

"அதுக்கென்னம்மா" என்றார். படிப்பு முடியும்வரை சார் கூப்பிட்டபோதெல்லாம் போய் உட்கார்ந்தார். வராந்தாவில் மகள் எதிரே வந்தால் தெரியாத ஆளாட்டம் ஒதுங்கிப் போனார். அந்த ஒரு நாளுக்காகத்தான் இத்தனையும்.

பட்டமளிப்புக்கு முந்தின நாள், "ரெண்டு பேருக்குத்தான் பாஸ். மாமாவும் அத்தையும் வராங்கப்பா" என்றாள் மஞ்சு. மாமா என்பது செங்கமலத்தின் தம்பி மணிவேல், பெரம்பலூரில் செல்போன் கடைக்காரர். "பெத்தவங்க நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" என்று செங்கமலம் கத்தினாள்.  பாஸ் இல்லாவிட்டாலும் ராசாங்கம் மறுநாள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். பிள்ளை சொன்ன சொல்லைக் காப்பாற்றும் என்ற நப்பாசை, வேறென்ன!

தெரிந்த முகம் என்று காவலாளி உள்ளே விட்டுவிட்டான். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டார். பெற்றோரோடு மேடைக்கு வரலாம் என்று மைக்கில் சொன்னதும், மணிவேலும் அவர் மனைவியும் ஏறி மஞ்சுவுக்கு இரண்டு பக்கமும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இறங்கிக் கடைசி வரிசைப் பக்கம் வந்தவளைப் பிரேம்குமார் சார் மறித்தார்.

"மஞ்சு, நம்ம மாடல் பெரியவர் வந்திருக்கார் பாரு! இவர் இல்லேன்னா உனக்கு ஓவியத்துல மெடல் ஏது? ஒரு வார்த்தை சொல்லு."

சுற்றி நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ராசாங்கம் மகளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மஞ்சு கைகூப்பினாள். "ரொம்ப நன்றிங்க, பெரியவரே."

"நல்லா இருங்கம்மா" என்று அவரும் கைகூப்பிவிட்டு வெளியே நடந்தார்.