ரெண்டாகத் தெரிந்த சோக்குக் கோடு

அக்கா பணம் கேட்ட அன்றைக்கு அக்குறணையில் எங்கள் வாடகை வீட்டில் இருந்தது நாலு பேர். நான், என் மனைவி, தெல்தோட்டையிலிருந்து வந்திருந்த அக்கா, அக்காவின் புருஷன் மச்சான். வேறு யாரும் இல்லை. கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு விதமாகச் சொல்வார்கள், அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

எனக்கு வலது கண்ணில் புரை. கண்டியில் ஒப்பரேஷனுக்குத் தேதி கிடைத்திருந்தது. டொக்டர் அளந்து பார்த்துவிட்டு, கருவிழி உருண்டையாக இல்லை, ரக்பி பந்து மாதிரி ஒரு பக்கம் கூட வளைந்திருக்கிறது என்றார். ஆஸ்பத்திரியில் வைக்கிற சாதா லென்ஸில் புரை போகும், வளைவால் வருகிற மங்கல் போகாது, அதற்குப் பிறகு கண்ணாடி போட வேண்டும். வளைவையும் சேர்த்துச் சரியாக்குகிற லென்ஸ் வேண்டுமென்றால் வெளியே வாங்கி வர வேண்டும். நான் கர்ட்டன் கடையில் துணி வெட்டுகிறவன். துணியில் சோக்குக் கட்டியால் போடுகிற கோடு தெரியாவிட்டால் சோறில்லை. இடது கண்ணிலும் புரை இறங்கிக்கொண்டிருந்தது. சீட்டுப் பணம் ஒரு லட்சத்து இருபதாயிரத்தை அந்த லென்ஸுக்கென்று எடுத்துவைத்தேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா மகள் பெரியபிள்ளையானாள்.

"தாய்மாமன் சங்கிலி போடாம பிள்ளைய மேடையில உக்கார வச்சா, ஊரு என் மூஞ்சியில துப்பும்டா," என்றாள் அக்கா.

மச்சான் சிரித்தார். "மாப்ள எட்டாங் கிளாஸோட நிப்பாட்டினவரு. பேப்பர் கூடப் படிக்கிறதில்ல. அவருக்கு எதுக்கு அவ்வளவு தெளிவு?"

"துணி வெட்டுறது கண்ணாலதானே அண்ணே," என்றாள் என் மனைவி.

"நீ பேசாம இரு. இது எங்க வீட்டுப் பேச்சு," என்றாள் அக்கா, என் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்துகொண்டு.

எனக்கோ வேறு பயம். அந்த லென்ஸ் சரியான சாய்வில் நிற்க வேண்டும், உள்ளே திரும்பிவிட்டால் பிரயோசனமில்லை என்றும் டொக்டர் சொல்லியிருந்தார். தும்மினால் திரும்புமா, பஸ் வளைவில் திரும்புமா, படுத்தால் இதே நினைப்பு. அக்கா கை நீட்டியதும், விட்டது தொல்லை என்று லென்ஸ் பணத்தை அப்படியே கொடுத்துவிட்டேன்.

சாதா லென்ஸோடு ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டை அவிழ்த்ததும் வெளிச்சம் வந்து கொட்டியது. ஆனால் எழுத்து, விளக்கு, படிக்கட்டு எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு நிழல் ஒட்டிக்கொண்டு நின்றது. கண் ஆறி அளவு நிலைக்க ஒரு மாசமாகும், அதற்குப் பிறகுதான் கண்ணாடிக்கு எழுதித் தருவோம் என்றார்கள்.

அதற்குள் சடங்கு. சீர்த் தட்டோடு மேடைப் படியில் தடுமாறினேன். மச்சான் மைக்கை வாங்கினார். "தாய்மாமனுக்கு எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதாம். அப்ப இதை ரெட்டைச் சீருன்னே வச்சிக்குவோம்!" மண்டபமே சிரித்தது. சங்கிலியைப் போட்டுக்கொண்டே அந்தப் பிள்ளையும் சிரித்தது.

அடுத்த வாரம் கடை மொதலாளி ஆள் அனுப்பினார். கல்யாண மண்டபத்து ஓடர், வெட்ட ஆளில்லை, வராவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்று. போனேன். மேசையில் நான் போட்ட ஒரு கோடு ரெண்டாகக் கிடந்தது. மேலே தெரிந்ததுதான் நிஜம் என்று நம்பி, அந்தத் துணி முழுவதையும் வெட்டினேன். தொங்கவிட்டுப் பார்த்தபோது ஒன்றும் ஒன்றோடு சேரவில்லை.

மொதலாளி சத்தம் போடவில்லை. பையன்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "கண்ணு மூடியிருக்கக்குள்ள நேரா வெட்டினாரு. தொறந்து வுட்டாங்க, கோணலா வெட்டுறாரு. திரும்பப் போய் மூடிட்டு வாங்களேன்."

கண்ணாடி வந்தது. கோடு ஒன்றாகிவிட்டது. வெட்டு மேசையில் வேறொருவன் நிற்கிறான், எனக்கு இஸ்திரிப் பெட்டி. துணியின் விலையை மாசாமாசம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். மச்சானிடம் கொஞ்சம் பணம் கேட்டுப் பார்த்தேன்.

"போட்ட சீரை யாராவது திருப்பிக் கேப்பாங்களா மாப்ள?" என்றார். பக்கத்தில் அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

மொதலாளிக்கு நான் இன்னும் கட்ட வேண்டியது முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபா.