ஸ்டியரிங்கைத் தொடக்கூடாத பந்தயக்காரர்

எங்கள் பஸ் முதலாளி பொய் சொன்னார். அந்தப் பெண்ணின் சாவுக்குக் காரணம் அவர்தான், இத்தாலிக்காரர் இல்லை. அடுத்த காரணம் நான். இதை அப்போதே போலீஸில் சொல்லியிருக்க வேண்டும். நாற்பது வருஷம் கழித்து இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

1944, ஐப்பசி மாதம். திருமயம் - புதுக்கோட்டை ரூட்டில் நான் டிரைவர். சண்டைக்காலம், பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உலையை மாட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு மூட்டுவோம். அதிலிருந்து வரும் வாயுவில்தான் இன்ஜின் ஓடும். அந்த உலையைப் பார்த்துக்கொள்ள எங்கள் ஷெட்டுக்கு வந்தவர்தான் இத்தாலிக்காரர்.

அவர் யுத்தக் கைதி. இத்தாலி சரணடைந்த பிறகு, ஒத்துழைக்கிறேன் என்று எழுதிக்கொடுத்த கைதிகளில் சிலரை வேலைக்கு வெளியே விட்டார்கள். எந்த அதிகாரியையோ பிடித்து எங்கள் முதலாளி இவரைக் கொண்டுவந்துவிட்டார். வாரம் ஒரு தடவை போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். ஷெட்டில் ரிப்பேர் பார்க்கலாம், வண்டியோடு போகலாம், ஆனால் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. எதிரி நாட்டான் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கே போவானோ என்று பயம்.

அவருக்கு அதுதான் பெரிய தண்டனை. ஏனென்றால் அவர் கார் பந்தய டிரைவர். அதுதான் பிழைப்பே. எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. டயருக்கு வல்கனைஸ் ஒட்டுப் போடும் இடத்தில் உட்கார்ந்து, தெரிந்த தமிழையும் இங்கிலீஷையும் கலந்து அவரே சொன்னார். பதினாலு வயதில் கார் பட்டறைக்குப் போயிருக்கிறார். அப்புறம் பந்தயக்காரருக்குப் பக்கத்தில் உட்காரும் மெக்கானிக். அந்தப் பந்தயக்காரருக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள், இவரே ஓட்டி மூன்றாவதாக வந்திருக்கிறார். மலைப் பாதைகளில் இரண்டு தடவை ஜெயித்திருக்கிறார். ஒரு தடவை கார் கவிழ்ந்து தோள் எலும்பு முறிந்திருக்கிறது. கடைசியில் ஒரு பெரிய கம்பெனி, அடுத்த வருஷம் எங்கள் காரை ஓட்டு என்று கூப்பிட்டிருக்கிறது. அந்த அடுத்த வருஷம் சண்டை வந்துவிட்டது. ஆப்பிரிக்காவில் லாரி ஓட்டிப் பிடிபட்டார்.

“பந்தயத்துல ஜெயிச்சா வண்டி எங்கிட்டுப் போய் நிக்கும்?” என்று கேட்டேன்.

“கெளம்பின எடம்.”

“கெளம்பின எடத்துக்கே வாரதுக்கா இம்புட்டு வேகம்? எங்க செக்குமாடு தேவலையே.”

ஷெட்டே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு, “அண்ணே, எனக்கு முப்பத்தொண்ணு. இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டலாம். சண்டை சீக்கிரம் முடியணும்” என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

உலை மூடியைச் சுற்றி வாயு கசியாமல் இருக்க ஆஸ்பெஸ்டாஸ் கயிறு வைக்க வேண்டும். கயிறு கிடைக்கவில்லை. கண்மாய்க் களிமண்ணைக் குழைத்துப் பூசி, விபூதிப் பட்டை போட்டு, கற்பூரம் காட்டி வண்டியை எடுப்போம். எல்லாரும் அப்படித்தான் செய்தோம். அவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “மண்ணு ரொட்டி மாதிரி வேகும். வெடிப்பு விழும். வாயு வரும். மணம் இல்ல, ஆள் சாவான். வண்டிய நிறுத்துங்க” என்று முதலாளியிடம் என் முன்னாலேயே சொன்னார்.

முதலாளி என்னைப் பார்த்துச் சொன்னார்: “சண்டையில தோத்த பய எனக்குப் பாடம் நடத்துறான். நீ மண்ணைப் பூசி எடுப்பா.”

எடுத்தேன். மனம் கேட்காமல் அவரும் கூடவே ஏறிக்கொண்டார்.

திருமயத்தில் வண்டி நிறைந்துவிட்டது. கொஞ்ச தூரத்தில் மழை பிடித்தது. சனம் இருக்கும் பக்கம் ஜன்னல் கிடையாது, சுற்றிலும் கம்பியும் படுதாவும்தான்; ஏறி இறங்கப் பின்கதவு ஒன்றே. “பிள்ளை நனையுது, படுதாவை எறக்குங்கய்யா” என்று சனம் சத்தம் போட்டது. இத்தாலிக்காரர் எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்து, “வேண்டாம், வேண்டாம், காத்து வேணும்” என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் சொன்னேன்: “ஒங்க பந்தயத்துல மழை வந்தா ஒங்க சனம் நனையட்டும். இது டிக்கெட் வாங்குன சனம். ரிப்பேர்க்காரன் சும்மா ஒக்காரு.” கண்டக்டரிடம் படுதாவை இறக்கச் சொன்னேன். அந்தப் படுதாவை இறக்கியது என் உத்தரவு. அதை மறைக்க நான் இதை எழுதவில்லை.

கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது. “மழைக்கு இதமாத் தூங்குது சனம்” என்றார் கண்டக்டர். நமணசமுத்திரத்தில் ஒரு பெண் இறங்க வேண்டும். அவள் குரல் கொடுக்கவில்லை. நானும் நிறுத்தவில்லை. அவள் புருஷன் குடையோடு நின்று கையைக் காட்டியதை, வண்டி தாண்டிய பிறகுதான் கவனித்தேன். எனக்கே தலை கனத்தது. கால் இரும்பு மாதிரி இருந்தது. ரோடு இரண்டாகத் தெரிந்தது.

முன்னால் என் பக்கத்தில், முகத்தை வெளியே மழையில் நீட்டிக்கொண்டிருந்த இத்தாலிக்காரர் திரும்பி உள்ளே பார்த்துவிட்டு என்னவோ கத்தினார். வண்டி அப்போது கண்மாய்க் கரைமேல் ஏறி, தண்ணீர்ப் பக்கமாகச் சறுக்கிக்கொண்டிருந்தது. என்னால் ஸ்டியரிங்கைத் திருப்ப முடியவில்லை. என் மடிமேல் விழுந்து அவர் பிடித்தார். நானாக இருந்தால் வெடுக்கென்று ஒடித்துக் கவிழ்த்திருப்பேன். அவர் முதலில் வண்டி போகிற போக்கில் விட்டார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, சேற்றில் ஒரு பனைமரத்தை ஒட்டி நிறுத்தினார். அன்றுதான் எனக்குத் தெரிந்தது, அவர் சொன்னதெல்லாம் நிஜம் என்று.

படுதாவைக் கிழித்தார். முன்னால் இருந்த என்னையும் கண்டக்டரையும் டிரைவர் பக்க வழியாக வெளியே தள்ளினார். மழைக்காற்று பட்டதும் எனக்குப் புத்தி தெளிந்தது. உள்ளே ஒருவரும் அசையவில்லை. வண்டி சாய்ந்ததில் பின்னால் இருந்த உலை நகர்ந்து, பின்கதவை அடைத்துக்கொண்டு நின்றது. தணலாகச் சிவந்திருந்தது. நான் கட்டை தேடி ஓடினேன். அவர் தேடவில்லை. சட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு இரண்டு கையாலும் உலையைத் தள்ளினார். ஈரச் சட்டை புகைந்தது. தோல் கருகுகிற மணம் வந்தது. கதவு திறந்தது. ஒவ்வொருவராக இழுத்துப் போட்டோம். எல்லாரும் பிழைத்தார்கள், நமணசமுத்திரத்துப் பெண்ணைத் தவிர. உலைக்கு அடுத்த பெஞ்சில் இருந்தவள் அவள். மழையில் ஓடிவந்த புருஷன், “தூங்குறா, எழுப்புங்கய்யா” என்று எங்கள் காலைப் பிடித்தான்.

மறுநாள் முதலாளி போலீஸில் எழுதிக்கொடுத்தார்: எதிரி நாட்டுக் கைதி உலையைத் தளர்த்திவிட்டான், ஓடும் வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடுங்கினான். ஸ்டேஷனில் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்.

“கைதி ஸ்டியரிங்கைப் புடிச்சானா?”

“புடிச்சாருங்க.”

எதற்காகப் பிடித்தார் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முதலாளி சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போய்விடும் என்ற பயம், படுதா விஷயம் வெளியே வந்துவிடும் என்ற பயம். கையெழுத்துப் போட்டேன். நான் சொன்னது உண்மைதான். அதை வைத்து ஒரு முழுப் பொய்யைக் கட்டிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரைப் போலீஸ் வேனில் ஏற்றியபோது போனேன். இரண்டு கையும் முழங்கை வரை துணிக்கட்டு. விரல் இனி மடங்காது என்று கம்பவுண்டர் என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். பந்தயக்காரருக்கு விரல் மடங்காவிட்டால் எல்லாம் முடிந்தது. அது அவருக்கும் தெரிந்திருந்தது, முகத்தைப் பார்த்தாலே புரிந்தது. என்னிடம் கோபப்படவில்லை. “அண்ணே, நீங்க பாத்தீங்க. நீங்க சொல்லுங்க” என்றார். சொல்கிறேன் என்று தலையை ஆட்டினேன். வேன் போய்விட்டது. திரும்பி ஷெட்டுக்குப் போய் வண்டியை எடுத்தேன். அதன்பின் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அந்த வேலை எனக்கு மிஞ்சியது, ரிட்டயர் ஆகும் வரை ஓட்டினேன். படுதாவை இறக்கச் சொன்ன வாய், ஸ்டேஷனில் ஏன் திறக்கவில்லை என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகன் போன மாதம் கம்பெனியின் பொன்விழா மலர் போட்டிருக்கிறார். அதில் அந்தச் சாவை ‘எதிரிக் கைதியின் சதி’ என்று அச்சடித்திருக்கிறார். ஐயா, அந்த வண்டியை ஓட்டியவன் நான், உயிரோடு இருக்கிறேன். உலையில் களிமண்ணைப் பூசச் சொன்னது யார்? உங்கள் அப்பாவா, அந்த இத்தாலிக்காரரா? எனக்குத் தனிக் கடிதம் வேண்டாம். ஊரறிய, இதே பத்திரிகையில் பதில் எழுதுங்கள்.