அறுபதில் நான்கு

புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே, புதுக் கட்டடத்துக்காக மேட்டை வெட்டியிருக்கிறார்கள். மழையில் மண் கரைந்து வடிகாலில் இறங்காமல் இருக்க, சரிவின் அடியில் கழிகள் நட்டுத் துணி கட்டியிருக்கிறார்கள். நேற்று எண்பத்தெட்டுக் கழிகள். இன்று எண்பத்தேழு. அங்கே வேலை செய்யும் தஞ்சாவூர்க்காரரிடம் சொன்னேன். "ஒண்ணுதானே அங்கிள், விடுங்க," என்றார். என்னால் விட முடியவில்லை.

எனக்கு ஒன்பது வயதில், இதே வட்டாரத்தில் என் தாய்மாமா இந்த வேலையைத்தான் செய்தார். அப்போது பழைய கோணிச் சாக்குகளைக் கழிகளில் ஆணியடித்து நிறுத்துவார்கள். மொத்தம் அறுபது கழிகள், நான் எண்ணியிருந்தேன். கீழே ஒரு சீனரின் கீரைத் தோட்டம். அங்கே மண் இறங்கினால் வேலை போய்விடும் என்று கங்காணி மாமாவிடம் முன்பே சொல்லியிருந்தார்.

எங்கள் காற்பந்துத் திடலுக்கு நான்கு கோல் கம்பங்கள் தேவைப்பட்டன. ஒரே இடத்தில் பிடுங்கினால் தடுப்பு பலமிழந்துவிடும் என்று தெரிந்த அளவுக்கு நான் புத்திசாலி. பதினைந்துக்கு ஒன்றாகப் பிடுங்கினேன். மறுநாள் பெய்த மழையில் அந்த நான்கு இடங்களிலும் சாக்கு வயிறு தள்ளி, பக்கத்துக் கழிகளையும் இழுக்க, தடுப்பு முழுவதும் சாய்ந்தது. கீரைப் பாத்திகள் செஞ்சேற்றில் மூழ்கின.

அடுத்த நாள் மாமாவுக்குச் சோறு கொண்டுபோனேன். கங்காணி சேற்றில் கிடந்த கழிகளை அடுக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

"அம்பத்தாறுதான் இருக்கு. நாலு எங்க? எவனாச்சும் புடுங்கிட்டானா?"

வடிகாலுக்கு அப்பால் எங்கள் கோல் கம்பங்கள் நின்றன. மாமா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு என் கையிலிருந்த தூக்குச்சட்டியைப் பார்த்தார்.

"இல்லண்ணே. நட்டதே அம்பத்தாறுதான். எண்ணும்போது தப்பு விட்டுட்டேன்."

"எண்ணத் தெரியாத ஆள வச்சு நான் என்ன லா செய்யிறது? நாளைக்கு வராத."

தப்பித்தேன் என்ற நிம்மதி எனக்கு. கூடவே ஒரு கவலை. அறுபது கழிகளைத் தம் கையாலேயே நட்டவர், கங்காணி சொன்னதும் ஐம்பத்தாறு என்று நம்பிவிட்டாரே.

வேறு வேலை கிடைக்கும்வரை மாமா எங்கள் வீட்டிலேயே இருந்தார். தினமும் பள்ளி விட்டு வந்ததும் அவரை உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். கைகட்டிக்கொண்டு, பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒரு பிழையும் இல்லாமல் ஒப்பித்தார்.

மாமா நன்றாகத் தேறிவிட்டார் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.